பதினோரு மாதம்

யார் அடித்தது என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள்.
முழங்கைக்குக் கீழே மூன்று சிவந்த தடிப்புகள்,
பிரம்பு விழுந்த மாதிரி.
பையோட வார் பட்டுச்சு மிஸ், என்றிருக்கிறாள் ஜெமிமா.
அதை நம்பாமல்தான் என்னை அழைத்தார்கள்.

தரமணி டிக்கெட் கவுன்ட்டரில் வசுமதியை உட்காரவைத்துவிட்டு
ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள்
தடிப்புகள் மறைந்திருந்தன.
அது இன்னும் மோசம்.
ஹேமா மிஸ்ஸின் மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன்,
அதன் முனையால்
மகள் கையில் மெதுவாக ஒரு கோடு இழுத்தேன்.
ஹெட்மிஸ்ட்ரஸ், மிஸ், வாசலில் ஆயா,
எல்லோரும் பார்த்திருக்க
ஒரு நிமிடத்தில் எழுந்து நின்றது அது.

நான் அடிப்பவள் இல்லை என்று காட்ட
அவளைக் கீற வேண்டியிருந்தது.

எழும்பூர் டாக்டர் சொன்னார்:
வழக்கமாகத் துளி விட்டுக் குத்திப் பார்ப்போம்,
இவளுக்கு வெறும் தண்ணீரைக் குத்தினாலும் எழும்பும்.
அதனால் ரத்தம் எடுத்தார்கள், இரண்டு குழாய்.
தூசி இல்லை. கரப்பான் இல்லை. பூனை இல்லை.
காற்றில் வரும் பூஞ்சை.
அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா,
ஆனா வீட்ல சுவர் ஓதமா?

பீரோவை நகர்த்தினோம்.
தரையிலிருந்து இடுப்பு வரை
கறுப்பும் சாம்பல்பச்சையுமாய்
ஒரு முழு மாவட்டம்.
வேளச்சேரிக்குக் குடிவந்த நாள் முதல்
எங்கள் வீட்டு வாசனை என்று
நாங்கள் நினைத்திருந்தது அதுதான்.

போன வருஷம்தானே பெயின்ட் அடிச்சேன், என்றார் வீட்டுக்காரர்.
கார்த்திகையில மெட்ராஸ்ல எந்தச் சுவர் காயுது?
ஒப்பந்தம் பதினோரு மாதம். இன்னும் நான்கு இருக்கிறது.
முன்னாடியே போனா அட்வான்ஸ்ல பிடிப்பேன், என்பதை
கடைசியில், செருப்பு மாட்டும்போது சொன்னார்.

வெளியே மழை. கரண்ட் இல்லை.
காயாத யூனிஃபார்ம் தலைக்கு மேலே தொங்குகிறது.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
செல்போன் வெளிச்சத்தில் நான் கணக்குப் போடுகிறேன்.
பக்கத்தில்
தன் தொடையில் நகத்தால் நான்கு கோடு போட்டு
தம்பியைக் கட்டத்துக்குள் கூப்பிடுகிறாள்.
பூஜ்யம் உனக்கு, பெருக்கல் எனக்கு.
அவன் தோற்று, உதடு பிதுக்குகிறான்.
இருடா ரோஷன்,
அரைமணி நேரத்துல அழிஞ்சிடும்,
அடுத்த ஆட்டம் நீ முதல்ல.