குன்னூரில் எஞ்சின் மாற்றும்போது

நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க
எதிர் பெர்த்தில், கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க,
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான் அந்த வெள்ளைக்காரன்.
காட்பாடியில் இட்லி, ஈரோட்டில் டீ,
எதற்கும் தலையை மட்டும் ஆட்டினான்.
நானும் பேசவில்லை.
தனியாகப் போகிற ஆளைத் தனியாக விடுவதுதான் மரியாதை
என்று ஒரு வயதுக்குப் பிறகு தோன்றிவிட்டது.

மேட்டுப்பாளையத்தில் சின்ன ரயிலிலும் அதே பெட்டி.
ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடித்த நேரத்தில்
படமெடுக்க ஈரப்புல்லுக்குள் இறங்கினான்.
குன்னூரில் நீராவியைக் கழற்றி டீசல் மாட்டும்போது
பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸை உருட்டினான்.
சிவப்பு.
அவன் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த எழுத்தை
அப்போதுதான் கவனித்தேன்.
கூட்டாமலே வாசித்துவிட்டது கண்: பெர்ம்.
நான் பார்க்காத ஊர். தெரிந்த எழுத்து.

பத்தொன்பது வருஷம் முன்னால்,
மாஸ்கோவிலிருந்து கசானுக்கு ஓர் அக்டோபர் இரவு.
கதவில்லாத பெட்டி, ஐம்பத்து நாலு பேர்,
மெத்தைக்கு உறை மாட்டத் தெரியாமல் நான்.
வெல்டிங் வேலை பார்க்கும் குல்னாஸ்
பிடுங்கி இரண்டே உதறலில் மாட்டினாள்.
யாரோ அவித்த முட்டை வைத்தார்கள், யாரோ உப்பு.
எல்லோரும் என்னென்னவோ கேட்டார்கள்.
எனக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்,
பாடப்புத்தகத்தின் முதல் பக்கம்.
சொல்லிவிட்டேன்:
க்தே பலீத்?
எங்கே வலிக்கிறது?

பெட்டியே சிரித்தது.
சிரித்து ஓய்ந்த பிறகு
குல்னாஸ் இடது தோளைக் காட்டினாள்.
லாரி ஓட்டுகிறவர் முட்டியை.
பட்டாளத்துப் பையன், கூச்சத்தோடு, கடைவாய்ப் பல்லை.
மேல் பெர்த்திலிருந்து இறங்கிவந்த ஒருவர்
எதையும் காட்டாமல்
தன் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.
நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை
என்று சொல்ல வார்த்தை இல்லை.
விடிய விடியத் தலையாட்டினேன்.

இப்போது கோத்தகிரியில்
ஒரு நாளைக்கு எண்பது முறை கேட்கிறேன் அதை,
தமிழில், படகாவில்,
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களிடம்
உடைந்த இந்தியில்.
பதில் வருமுன்னே பேனா எழுத ஆரம்பித்துவிடுகிறது.

பிரேக்ஸ்மேன் ஜோகியிடம் ஒரு சிட்டிகை
புகையிலைத் தூள் வாங்கி
அவன்முன் குந்தி உட்கார்ந்தேன்.
க்தே பலீத்?

வாய் திறந்தபடி கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு கணுக்காலைக் காட்டினான்.
அட்டை கடித்தால் வலிக்காது.
அது எனக்குத் தெரியும்,
அவனுக்கும் தெரிந்திருக்கும்.

சுருண்டு விழுந்தது அட்டை. ரத்தம் நிற்கவில்லை.
அவன் பேச ஆரம்பித்திருந்தான்,
இரவெல்லாம் தேக்கிவைத்ததை,
எனக்குப் பாதிக்குமேல் புரியாத வேகத்தில்.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து
நடுவில் வைத்தேன்.

டீசல் கூவியது.
என் டிக்கெட் குன்னூர் வரைக்கும்தான்.
கோத்தகிரி பஸ் இந்நேரம்
ஸ்டாண்டில் உறுமிக்கொண்டிருக்கும்.

ஏறி உட்கார்ந்தேன்.
வெலிங்டன், அருவங்காடு, கேத்தி:
புரிந்த இடத்தில் ஒரு தலையாட்டல்,
புரியாத இடத்தில் இரண்டு.