எட்டு, பிறகு ஐந்து

காலை ஆறு மணி. க்தான்ஸ்க், மருத்துவமனையின் மூன்றாம் மாடி.
"பத்துக்கு எவ்வளவு வலி?" என்கிறாள் பொக்னா.
எட்டு.
பதினொரு வருடமாக எட்டு.
மாடிப்படியில் எட்டு, தும்மலில் எட்டு,
காலுறை மாட்டக் குனிகையில்
எண்ணே கிடையாது.

இடுப்பில் ஒட்டிய இரண்டு வில்லைகளில்
மின்சாரம் எறும்பாய் ஊர்கிறது.
அது பழகிவிட்டது.
இன்று புதிதாக ஒரு கண்ணாடி.
கண்ணாடி என்பது மரியாதைக்கு;
வண்டிக்குதிரையின் கண்பட்டை போல
உலகத்தை அடைக்கிறது.
ஏரியா, காடா, பலூனா என்று கேட்கிறாள்.
உயரம் எதில் இருக்கிறதோ அது, என்கிறேன்.

பலூன் எழுகிறது.
கீழே எந்த நாடென்று தெரியாத கடற்கரை.
ஒரு குரல் மூச்சை இழு என்கிறது, விடு என்கிறது,
ஏதோ இத்தனை நாள்
எனக்கு அது தெரியாத மாதிரி.

இருபத்தாறு வருடம் கப்பல்தளத்தில்
பாரந்தூக்கியின் கூண்டில் உட்கார்ந்தவள் நான்.
நாற்பது மீட்டர் மேலே.
காலடியில் சதுரமாய் ஒரு கண்ணாடி,
அதற்குள் தொங்கும் இரும்புத் தகடு,
கை காட்டும் குட்டி மனிதர்கள்.
காற்று முதலில் கம்பிவடத்தில் கேட்கும்,
பிறகுதான் கூண்டு ஆடும்.
இங்கே காற்றே இல்லை.
காற்றில்லாமல் எப்படி நகர்கிறது இந்தப் பலூன்?
சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது,
பொக்னாவின் சிரிப்பு எங்கோ கீழேயிருந்து வருகிறது.

குனிந்து பார்த்தேன்.
எனக்குக் கைகள் இல்லை.
மடி இல்லை. இடுப்பும் இல்லை.
செய்தவர்கள் மறந்துவிட்டார்கள்,
அல்லது காசு போதவில்லை.
இடுப்பே இல்லாத இடத்தில்
வலி எங்கே உட்காரும்?
இறக்க இடம் கிடைக்காத பாரமாய்
கொஞ்ச நேரம்
அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.
நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழற்றினாள். நெற்றியில் பட்டையின் தடம்.
"இப்போது?"
ஐந்து.
மீதி மூன்று எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
பயத்துக்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு.
முன்பு ஆறு. இப்போதும் ஆறு.
குறைத்துச் சொல்லலாமென்று வாய்வரை வந்தது,
அவள் முகத்தில் அவ்வளவு ஆவல்.
ஆறு, என்றேன். ஆறே எழுதினாள்.

எட்டரைக்குத் தள்ளுவண்டி.
தள்ளுகிறவன் புதியவன்,
கதவுநிலையில் ஒரு இடி.
போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து
உள்ளங்கையைக் கீழே காட்டி
இரண்டு முறை தாழ்த்தினேன்.
தளத்தில் அதற்கு ஒரே அர்த்தம்:
மெல்ல இறக்கு.

வேகம் குறைந்தது.