உடல்: புகை

அட்டையில் நான்கே வரி.
தபால்காரர் ஆர்மஸ் தெர்வோனென்
முகவரி எழுதிப் பழகியவர்,
எல்லாவற்றையும் பெரிய எழுத்தில்தான் எழுதுவார்.

முள்: பதினான்காம் எண்.
நூல்: கறுப்புப் பட்டு.
கழுத்து: காட்டுக்கோழிப் பெட்டையின் இறகு, இரண்டே சுற்று.
உடல்: புகை.

அவ்வளவுதான்.
ஈயின் பெயர் ‘தபால் இல்லாத நாள்’.
குவூசமோவுக்குக் கிழக்கே ஓர் ஆற்றுவளைவில்
ஆறு கோடை
ஹார்யுஸ் மீன்கள் இதற்கு மட்டுமே வாய் திறந்தன
என்கிறது தூண்டில் சங்கத்தின் நோட்டு.
ஓரத்தில் வேறொரு கையெழுத்து: பொய்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
காலைச் சுற்றுக்கும் மாலைச் சுற்றுக்கும் நடுவே
ஐந்து மணி நேரம் சும்மா கிடக்கும்.
மூன்று குளிர்காலம்
அதைப் புகைக்குக் கொடுத்தேன்.

ஊலுவில் நூல்கடை ரெய்னோ
சாம்பலில் பதினோரு வகையை மேசையில் பரப்பி
பூர்ச்ச மரப் புகையா, பைன் மரப் புகையா,
முதலில் அதைச் சொல் என்றார்.
எனக்கெப்படித் தெரியும்?

வெள்ளைக் கம்பளியைப் புகை சௌனாவில்
இரண்டு இரவு தொங்கவிட்டேன்.
நூல் பழுத்தது. என் தலைமுடியும்.
மைனஸ் இருபதில்
பிள்ளைகள் பேருந்தின் ஜன்னலைத் திறந்தார்கள்.
ஜூனில் மீன்
மோந்து பார்க்கக்கூட வரவில்லை.

கயானி அருங்காட்சியகக் கிடங்கில்
தீப்பெட்டிக்குள் ஒன்றே ஒன்று மிச்சம்.
அந்துப்பூச்சி தின்றது போக
இடுப்பில் ஏழெட்டு மயிர்,
அடி வெளுப்பு, நுனி கறுப்பு.
நீர்நாய் என்றேன்.
கலைமான் என்றார் காப்பாளர் ஹெல்கா வுவோரினென்.
ஒரே லென்ஸை மாற்றி மாற்றி வாங்கி
சாப்பாட்டு நேரம் வரை சண்டை போட்டோம்.

அவருடைய பழைய வீட்டு எண்ணைத் தேடப்போய்
கையில் அகப்பட்டது
நகராட்சி நாய்வரிப் பேரேடு, 1957:

தெர்வோனென், தபால்காரர்.
நாய் ஒன்று. ஆண். சாம்பல் நிறம்.
பெயர் புகை.
வரி செலுத்தப்பட்டது.

நான் சிரித்த சிரிப்பில்
அடுத்த மேசைக்காரர் காப்பியைக் கொட்டினார்.

58, செலுத்தப்பட்டது.
59. 60.
61இன் மேல் ஒரு கோடு; நவம்பரில் இறந்தது.

சங்க நோட்டில் இந்த ஈக்குச் சிக்கிய கடைசி மீன்
62, ஆகஸ்ட்.
நாய் போன பிறகும் ஒரு கோடைக்கு
மயிர் கிடைத்திருக்கிறது,
சீப்பிலோ, கம்பளத்தின் அடியிலோ,
தபால் கோட்டின் கைமடிப்பிலோ.
அதற்கப்புறம் அவர் பெயருக்கு நேரே
புழுக்கள் மட்டும்.

பக்கத்து வீட்டு தாவி லெஸ்கினெனிடம்
நாயைக் கொஞ்சம் சீவிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.
ஏன் என்றார். சொன்னேன்.
வரியையும் நீயே கட்டு என்றார்.

நேற்று அதே வளைவில், வெயில் சாயாத பதினொரு மணிக்கு,
முதல் வீச்சு ஆல்டர் கிளையில்.
இரண்டாவதும் அங்கேயே.
மூன்றாவதன் கீழ் ஒரு நிழல் எழுந்து
முதுகுத் துடுப்பை விரித்து
கூடவே நீந்தியது, கொஞ்ச தூரம்.
கொத்தியதா என்று கேட்காதீர்கள்.
நோட்டில் எழுதியிருக்கிறேன், ஓரத்தில் இடம் விட்டு.

அட்டையும் புதிதாக ஒன்று.
முள், நூல், கழுத்து எல்லாம் அதேதான்.
கடைசி வரிக்குப் பேனா கொஞ்சம் தயங்கியது.
தாவியின் நாய்க்குப் பெயர் அமைச்சர்.

உடல்: அமைச்சர்
என்று பெரிய எழுத்தில் எழுதி
மை காய ஊதினேன்.