ஒற்றைக் குண்டு

பகாவ் கடைத்தெரு. மாலை நாலரை.
லிம் தவுக்கே கண்ணாடி மேசைமேல்
இரண்டு தோட்டாக்களை நிறுத்துகிறார்.
ஒன்றில் ஒன்பது ஈயமணிகள்.
மற்றதில் ஒன்றே ஒன்று,
என் கட்டைவிரல் நுனியளவு.

"ஒன்பதை எடு, மாசானம்.
இருட்டில் ஏதாவது ஒன்று படும்."

அதுதான் பயம்.
போன மாதம் அந்த ஏதாவது ஒன்று
பதினாலாம் நம்பர் லயத்தின் தகரத்தைத் துளைத்து
சன்னாசி வீட்டு அரிசி டின்னில் கிடந்தது.
அவன் மகள் அதைக் கழுவி
பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

ஒற்றையை எடுத்தேன்.
லைசென்சில் இந்த வருஷத்துக்கு
மிச்சம் பதினொன்று.

இளஞ்செம்பனைக் குருத்துக்கு வருவது
எண்பது கிலோ இருக்கும், காது கிழிந்தது.
இருபது அடிக்குள் விட வேண்டும்,
அது மூச்சு விடுவது கேட்கிற தூரம்.

வந்தது.
டார்ச் வெளிச்சத்தில் கண் இரண்டும்
லோரியின் பின்விளக்காய்ச் சிவந்தன.
ஒன்பது இருந்திருந்தால்
கண்ணை மூடிக்கொண்டு சுட்டிருப்பேன்.

காலையில் போலீஸ் நிலையத்தில்
வெறும் கூட்டை வைத்தேன்.
"எங்கே பட்டது?" என்றார் சார்ஜன்.
தோளுக்குப் பின்னால், என்றேன்.

வலது காது இன்னும் அடைத்திருந்தது.
அவர் அடுத்துக் கேட்டது
எனக்கு விழவில்லை.