யூமி

டன்னா தீவில் அந்த வருடம்
மழையோடு எரிமலைச் சாம்பலும் விழுந்தது.
ஆலயத்துத் தகரக் கூரையை
யாரோ விரல்நுனியால் தேய்ப்பதுபோல் ஓயாத ஓசை.
மணி என்று நாங்கள் அடித்தது
அமெரிக்கப் படை விட்டுப்போன வாயு உருளை.
அதை அடித்துத்தான் ஊரைக் கூட்டினோம்:
பிறக்கப்போகும் தேசத்தின்
முதல் வாக்கியம் சரிதானா என்று பார்க்க.

என் பெயர் லெய்நாசெய். தோங்கோவாக்காரி.
மாவட்ட அலுவலகத்தில் தட்டச்சு வேலை.
ஆள்பவர் இருவர், ஆகையால் பொறிகளும் இரண்டு.
ஆங்கிலேயர் பொறியில் பழகிய விரல்
பிரெஞ்சுக்காரர் பொறியில்
கடவுளையே பிழையாக அடிக்கும்.
இரண்டு காவல்படை, இரண்டு சட்டப் புத்தகம்,
இரண்டு கொடிகள்; அவை ஒரே உயரம்தானா என்று
அண்ணாந்து அளக்க ஓர் ஆள்.
என் சம்பளம் மட்டும் ஒன்று.

பாதிரியார் கல்மாரி வாசித்தார்.
மெலனேசிய மரபு, கடவுள் நம்பிக்கை, கிறிஸ்தவ நெறி,
இவற்றின்மேல் இந்த நாடு.
பிறகு, முத்திரைக்கு நான்கே சொல்:
லோங் கோட் யூமி ஸ்டனாப்.
கடவுளில் நாம் நிற்கிறோம்.
பெண்கள் பக்கமிருந்து ஆமென் எழுந்தது.
"கரும்புத் தோட்டத்துக்கு நம்மைக் கப்பலேற்றியவன் கையிலும்
வேதம் இருந்தது" என்றார் அவர்.
"எகிப்தை விட்டு ஒரு கூட்டம் நடந்துபோன கதை
அதற்குள் இருப்பதை அவன் கவனிக்கவில்லை.
நாம் கவனித்தோம்."

வாசலில் ஒரு குரல்:
"நாம் என்றால் யார்?"

யாவிஸ். மலைக்காரர். ஞானஸ்நானம் வாங்காதவர்.
உள்ளே வரவில்லை, வெளியிலும் இல்லை;
கூரை சொட்டும் கோட்டில் குந்தியிருந்தார்.

எங்கள் பிஸ்லாமாவில்
யூமி என்றால் சொல்பவனும் கேட்பவனும்.
மிஃபலா என்றால் சொல்பவன் கூட்டம் மட்டும்;
கேட்பவன் வெளியே.
ஆங்கிலத்தில் இந்தக் கதவு இல்லை, பிரெஞ்சிலும் இல்லை.
அவர்கள் ஒரே சொல்லால்
அணைக்கவும் செய்வார்கள், அடைக்கவும் செய்வார்கள்.

"நீங்கள் ஏறிவந்தீர்களே பாதை" என்றார் யாவிஸ்,
"என் அப்பா வெட்டியது.
கவா குடித்தார் என்று உங்கள் ஆலயத்து மூப்பர்கள்
நீதி சொல்லி வாங்கிய ஆறு மாதம்.
பிரிட்டிஷ் சிறையில் நான் இருந்திருக்கிறேன்; சோறு பரவாயில்லை.
பிரெஞ்சுச் சிறையிலும்; ரொட்டி இன்னும் நன்று.
மூன்றாவது சிறை உங்களுடையது.
அதன்மேல்தான் நிற்கப்போகிறோமா?"

ஒரு குழந்தை இருமியது.
கல்மாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்;
துடைக்கத் துடைக்கச் சாம்பல்.
மிஃபலா என்றே போட்டுவிடலாமே, அதுதானே உண்மை,
முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.
"போட்டால் இது ஒரு சபையின் வாக்கியம்.
நாட்டினுடையது அல்ல" என்றார் கல்மாரி.
பிறகு, பிரசங்கக் குரல் கழன்று விழ:
"அந்தப் பாதை பாவம்.
நான் அதில்தான் தினமும் நடக்கிறேன்.
ஒரு ஞாயிறும் அதைச் சொன்னதில்லை."

யாவிஸ் நெடுநேரம் தன் பாதத்தைப் பார்த்தார்.
"கடைசிச் சொல்லை இன்னொரு தரம்."
"ஸ்டனாப். நிற்கிறோம்."
"மண்டியிடுகிறோம் என்று இல்லையே?"
"இல்லை."
"அப்படியானால் எண்ணிக்கொள்" என்று
முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார்.
ஆலயத்துக்குள் வரவில்லை.
ஆனால் நின்றார்.

அந்தி சாய நான்
இரண்டு பொறிகளிலும் இரண்டு பிரதி அடித்தேன்,
கதவில்லாத சொற்களில்.
யாவிஸ் கேட்ட கேள்விக்கு
இரண்டிலும் இடம் இருக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் 'யூமி' என்று எழுதி வைத்தேன்;
அழித்துவிடுவார்கள், தெரியும்.

சன்னலுக்கு வெளியே
கல்மாரி குடையில்லாமல் மலைப்பக்கம் போனார்.
ஆண்கள் கவா குடிக்கும் ஆலமரத்தடியில்
இருட்டு தொடங்கும் விளிம்பில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.
அதற்குமேல் போனாரா என்று கேட்காதீர்கள்.
நாடா தீர்ந்துவிட்டது;
புதியதை மாட்டிக்கொண்டிருந்தேன்.