எந்தக் கை

ரூபவதிக்கு இரண்டு கையும் எப்படி வந்தது என்று
கேட்டவருக்கெல்லாம் ஒரு கதை வைத்திருந்தாள்.
கோச்சிடம்: பீச்சாங்கையால் எழுதியதற்கு
நாலாம் வகுப்பில் ஸ்கேல் அடி.
பத்திரிகைக்காரரிடம்: கொழுந்து பறிக்கிற கை சார்,
ஒன்றை மட்டும் வேலைக்கு அனுப்பினால் கிலோ தேறுமா?
அவளுடைய கேட்சரான என்னிடம்:
"தெரியலடி. ஒருநாள் பந்து இந்தப் பக்கம் கிடந்துச்சு.
எடுத்தேன்."

அவள் கிளவுஸுக்கு ஆறு விரல்.
நடுவில் நாலு, இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல்.
கடையில் கிடைக்காது. பெட்போர்டில்
பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் வைக்கிற சையது பாய்
பழைய பூட்ஸின் நாக்கை வெட்டித் தைத்துக் கொடுத்தது.
மழை பெய்தால் அந்த விரல் மட்டும் நாறும்.

சோத்தாங்கைப் பந்து என் வலப்பக்கம் வளையும்,
பீச்சாங்கைப் பந்து இடப்பக்கம்.
இரண்டுக்கும் வீங்குவது
என் ஒரே உள்ளங்கை.

தேயிலைக் கம்பெனிகள் நடத்துகிற லீக்.
ஆட்டத்துக்கு எழுநூறு ரூபாய், தலைக்கு.
"ரெண்டு பிட்சர் வேலை பாக்குறேன்" என்று கேட்டுப் பார்த்தாள்.
ரிஜிஸ்டரில் ஒரு பேர்தானே இருக்கு என்றார்கள்.

அருவங்காடு. கடைசி இன்னிங்ஸ்.
எங்களுக்கு ஒரு ரன் கூட.
இரண்டு பேர் அவுட், மூன்றாம் பேஸில் ஒருத்தி
ஷூ நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு.
பேட்டோடு வந்தாள் கோயம்புத்தூர் ஹம்சினி.
இரண்டு பக்கமும் நின்று அடிப்பவள்.

ரூபா கிளவுஸை இடக்கையில் மாட்டினாள்.
ஹம்சினி தட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.
ரூபா கழற்றி வலக்கையில் மாட்டினாள்.
ஹம்சினி இந்தப் பக்கம் வந்தாள்.
ரூபா மாற்றினாள்.
ஹம்சினி மாறினாள்.
பிராகாரம் சுற்றுகிறவள் மாதிரி
அவள் நடந்துகொண்டே இருக்க,
நடுவில் குந்தியிருந்த சாமிக்கு
முழங்கால் மரத்துப்போனது.

அம்பயர் தேவசகாயம் சார்
பின்பாக்கெட்டிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார்.
யார் முதலில் சொல்ல வேண்டும், பந்து போடுகிறவளா, அடிக்கிறவளா?
எச்சில் தொட்டுப் புரட்டினார்.
அந்தப் பக்கத்தில் எப்போதோ யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம்.
வட்டத்துக்குள் எழுத்து கரைந்திருந்தது.
ஊட்டிக்குப் போன் போட்டார். டவர் இல்லை.
"பூவா தலையா போடுங்க சார்!" என்று
வேலிக்கு வெளியே ஒரு ஆட்டோ டிரைவர்.

அதற்குள் பனி இறங்கிவிட்டது.
முதலில் ஸ்கோர்போர்டு போனது.
பிறகு தூரத்தில் நின்ற சாந்தாமணி.
பிறகு மேட்டில், இடுப்புக்கு மேலே, ரூபா.

"ஒரு பந்து. ஒரே ஒரு பந்து பாக்கலாம்" என்றார் சார்.
"எந்தக் கைம்மா?"
"காட்டிட்டேன் சார்" என்றது பனி.

ஹம்சினி ஏதோ ஒரு பக்கம் நின்றாள்.
நான் விரல் காட்டினேன்,
யார் பார்க்க என்று தெரியாமல்.

வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளை.
காதோரம் பேட் கிளப்பிய காற்று.
தொப்பென்று ஒரு சத்தம்,
அதைக் கேட்டுத்தான் சாரே கையைத் தூக்கினார்.
ஸ்ட்ரைக் ஒன்று.
மீதி ஞாயிற்றுக்கிழமை.

ஸ்கோர் எழுதுகிற பையன் வந்து நின்றான்.
"எந்தக் கைன்னு போடணும்க்கா?"
கிளவுஸைக் கழற்றிப் பார்த்தேன்.
சிவப்பு, சரியாக நடுவில்.

குன்னூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
"எங்கிட்டயாவது சொல்லு."
கடலைப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து
அந்தக் கைக்கு மாற்றி, கம்பியைப் பிடித்து,
"நீதானடி பிடிச்ச" என்றாள்.

டிரைவர் பக்கத்து ரேடியோவில்
வார இறுதியில் நல்ல வெயில் என்றார்கள்.
அப்போதுதான் முதல் தடவையாக
அவள் முகம் சுருங்கியது.