வளையத்தைத் தொட்டதா

போன வருடம் வரை என் வேலை சுலபம்.
மேசைமேல் ஒரு நிறுத்துகடிகாரம்,
மூடி தொலைந்த சிவப்புப் பேனா,
பாதி குடித்த மைலோ.
ஜெலுத்தோங் பள்ளியின் தகரக் கூரைக்குக் கீழே
பந்து யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தால்
எனக்கென்ன.

யுகேஸ்வரி அணியில் மொத்தம் ஆறு பேர்.
ஒருத்திக்கு ஆஸ்துமா,
ஒருத்திக்குக் கணுக்கால் வீக்கம்.
எதிரே இருபது பேர், ஒரே நிறக் காலணி.
ஒரு புள்ளி முந்திவிட்டால் போதும்,
பந்தைக் கூடைப்பக்கம் கொண்டே போகமாட்டாள்.
தட்டுவாள்,
ஷுவெ லிங்கிடம் தருவாள், வாங்குவாள்,
மறுபடி தட்டுவாள்.
"ஆடுங்கடி!" என்று கத்தும் கூட்டம்.
அவள் ஆடிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்புறம் இறுதியாட்டம்.
அதே வித்தையை அந்த இருபது பேர் செய்தார்கள்.
இரண்டு நிமிடம் பத்து நொடி.
கோழி துரத்துகிற மாதிரி ஓடினாள் யுகேஸ்வரி,
கடைசியில் முழங்காலில் கையூன்றி நின்றுவிட்டாள்.
அன்றைக்கு நான்தான் முதலில் கத்தினேன்:
இதெல்லாம் ஒரு ஆட்டமா?
ஆறு பேர் செய்தபோது அதைச்
சாமர்த்தியம் என்று சொன்ன அதே வாயால்.

கூட்டம் போட்டார்கள்.
அந்தக் காசில் கூரை ஒழுகலை அடைக்கலாம் என்றார் திரு. ஊய்.
கடிகாரம் வந்தால் ஆறு பேர் என்ன செய்வார்கள் என்று
யாரோ கேட்டார்கள்,
யாரும் பதில் சொல்லவில்லை.
கை தூக்கச் சொன்னபோது
தூக்கினேன்.

இப்போது கூடைக்கு மேலே இரண்டு கறுப்புப் பெட்டி,
சிவப்பு எண்கள்.
இருபத்து நான்கிலிருந்து இறங்கும்.
மீன் லாரி ஹார்ன் மாதிரி அலறும்.
எறிந்தபின் பந்து வளையத்தை உரசினால்
திரும்ப எடுத்தவர்க்குப் புதிதாய்ப் பதினான்கு;
உரசாவிட்டால் இருப்பதுதான் இருப்பு.
அந்தப் பொத்தான்
என் கட்டைவிரலுக்குக் கீழே.

நேற்று நல்ல மழை.
தகரத்தில் அடித்த அடியில்
நடுவர் விசில்கூடக் கேட்கவில்லை.
நாற்பது நொடி மிச்சம், அவர்கள் ஒரு புள்ளி முன்னால்.
எறிந்தார்கள்,
பந்து வளையத்தின் ஓரமாய்ப் போய்
மறுபடி அவர்கள் கைக்கே வந்தது.
பெட்டியில் இரண்டு.
தொட்டதா?
எப்போதும் காதால்தான் கண்டுபிடிப்பேன்.
டிங் என்று ஒரு சத்தம்.
நேற்றுக் கூரை முழுக்க டிங்.

நடுவர் என்னைப் பார்த்தார்.
யுகேஸ்வரியும் பார்த்தாள்,
நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்தபடி.

ஒன்று.

அழுத்திவிட்டேன்.
வலை லேசாக அசைந்த மாதிரி இருந்தது,
சாரல் காற்றாகவும் இருக்கலாம்.

பதினான்கு.
பதின்மூன்று.